யோசனைப் பெட்டியில் மூன்று மாதமாக ஒரு சீட்டுகூட இல்லை

அந்திஷிப்ட் எழுதியது:

வணக்கம். பொருட்களைப் பெட்டியிலிட்டு அனுப்பும் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து இருபத்திரண்டு பேர். ஐந்து மாதத்துக்கு முன்பு எங்கள் நிறுவனத்தில் "சிறு மாற்றங்களால் தொடர் மேம்பாடு" என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். நுழைவாயிலில் "சிறுதுளி பெருவெள்ளம்" என்று பேனர் கட்டி, வருகைப் பதிவு செய்யும் இடத்தில் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டியை வைத்தார்கள். ஆளுக்கு மாதம் இரண்டு யோசனை எழுதிப் போட வேண்டும் என்பது உத்தரவு.

முதல் மாதம் கணக்காக நாற்பத்துநான்கு சீட்டு வந்தது. பாதிக்கு மேல் "விளக்கை அணைக்க வேண்டும்", "சுத்தம் பேண வேண்டும்" என்ற வகை. இரண்டாம் மாதம் பதினொன்று. அதற்குப் பிறகு மூன்று மாதமாக ஒன்றுகூட இல்லை. "உங்கள் ஆட்களுக்கு ஆர்வம் இல்லையா?" என்று மேலாளர் என்னைக் கேட்கிறார்.

ஆர்வம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் மாதச் சீட்டுகளில் ஒன்று லேபிள் ஒட்டும் அக்கா எழுதியது. லேபிள் சுருள் மாட்டிய ஸ்டாண்டு அவருக்கு இடப்பக்கம், தோளுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. பெட்டி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் இடுப்பைத் திருப்பி, லேபிளைக் கிழித்து, மறுபடி முன்பக்கம் திரும்பி ஒட்ட வேண்டும். "ஸ்டாண்டை முன்னால் வைத்தால் திரும்ப வேண்டியதில்லை" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தார். அந்த வரி படிவமாகி, மூன்று கையெழுத்துக்குப் போய், "செலவு மதிப்பீடு இணைக்கவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டும் வேலை அது. இன்றைக்கும் அவர் திரும்பித்தான் எடுக்கிறார். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் ஏதாவது சொல்வார். இப்போது சொல்வதில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இதே வேலையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

உளிமுனை எழுதியது:

தம்பி, கருவிப் பட்டறையில் முப்பத்தோரு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த அக்கா எழுதிய சீட்டுக்குப் பதில் கிடைக்காததை மற்ற இருபத்தொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யோசனைப் பெட்டி நேற்று வந்ததல்ல. கோடாக் நிறுவனம் 1898இலேயே இத்தகைய திட்டம் தொடங்கியது. முதல் பரிசாக 2 டாலர் வாங்கியவர் சொன்ன யோசனை என்ன தெரியுமா? ஜன்னல்களைக் கழுவினால் வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் கூடும் என்பதுதான். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அது தெரியும். டொயோட்டாவைச் சேர்ந்த இருவர் 1950இல் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலைக்குப் போனபோது அங்கிருந்த யோசனைத் திட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 1951இல் தங்கள் ஆலையில் அதைத் தொடங்கினார்கள். பின்னாளில் கைசென், அதாவது சிறு மாற்றங்களால் தொடர் மேம்பாடு, என்று உலகமே பேசியதில் அதற்கும் பங்கு உண்டு.

ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க ஆலைகளின் மேற்பார்வையாளர்களுக்காக ஒரு பயிற்சி நடந்தது. சட்டைப் பையில் அடங்கும் அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து எழுது. ஒவ்வொன்றையும் பார்த்து இது ஏன் வேண்டும், எங்கே செய்ய வேண்டும், எப்போது, யார், எப்படி என்று கேள். பிறகு வேண்டாததை நீக்கு, சேர்க்க முடிந்ததைச் சேர், வரிசையை மாற்று, மிச்சத்தை எளிதாக்கு. இருக்கிற ஆளையும் இயந்திரத்தையும் பொருளையும் கொண்டே செய் என்பதும் அதில் இருந்தது. போர்க்காலத்தில் புது இயந்திரம் கேட்டால் யார் தருவார்கள்? அந்தப் பயிற்சி பெட்டி எதையும் வைக்கச் சொல்லவில்லை. வேலை நடக்கும் இடத்தில் போய் நிற்கச் சொன்னது.

நாளைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போங்கள்.

நான்காம்வரிசை எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் மாற்றுக் கருத்து சொல்லப் போகிறேன். நான் லைனில் நின்று வேலை செய்பவன். எங்களுக்கும் இப்படி ஒரு திட்டம் வந்தது. எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தோம். பாகங்கள் வரும் தட்டைச் சாய்வாக வைத்தோம். ஸ்பேனரைத் தலைக்கு மேல் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டோம். ஒன்பது நிமிட வேலை ஏழரை நிமிடத்துக்கு வந்தது. மேடையில் ஏற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள்.

அடுத்த மாதம் எங்கள் குழுவில் நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் ஒப்பந்தத் தொழிலாளி. ஸ்பேனரைத் தொங்கவிடலாம் என்று சொன்னவரே அவர்தான். ஆள் மிச்சம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வரிசையில் எவரும் வாய் திறப்பதில்லை. வேலையை எளிதாக்கும் வழி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நிறையத் தெரியும். ஷிப்ட் மேற்பார்வையாளர் நகர்ந்ததும் அப்படித்தான் செய்கிறோம். அவர் வந்தால் பழைய முறை.

அந்திஷிப்ட் அவர்களே, உங்கள் ஆட்கள் ஊமையாகிவிடவில்லை. யோசனை சொன்னால் யாருக்கு என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருசதம் எழுதியது:

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பயிற்சி வகுப்பில் ஒரு கணக்குக் காட்டினார்கள். தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் ஒரு வருடத்தில் 37 மடங்கு ஆகிவிடுமாம். கணிப்பானில் நானே போட்டுப் பார்த்தேன், 1.01ஐ 365 முறை பெருக்கினால் 37.8 வருகிறது. இதை ஆட்களுக்குப் புரியவைத்தால் ஆர்வம் வராதா?

உளிமுனை எழுதியது:

ஒருசதம் தம்பி, பெருக்கல் சரி. ஆனால் வேலை அப்படி நடப்பதில்லை. நாற்பது வினாடியில் ஒட்டுகிற லேபிளை எவரும் ஒரு வருடத்தில் ஒரு வினாடிக்குக் கொண்டுவர முடியாது. முதல் மாற்றத்தில் ஐந்து வினாடி குறையும், இரண்டாவதில் மூன்று, அடுத்ததில் ஒன்று. பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே நின்றால் தோல்வி இல்லை, வேறொரு வேலையைப் பார்க்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். 37 மடங்கு என்று சுவரில் எழுதினால், இரண்டாம் மாதமே ஆட்கள் அதைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

நான்காம்வரிசைத் தம்பிக்கு நடந்தது அநியாயம். யோசனை சொன்னவரையே வெளியே அனுப்பியதை எந்தப் பெயரால் செய்தாலும் அது மேம்பாடு ஆகாது. இதற்கு வேறு வழி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. வேலை நிறுத்தமும் வராதோர் எண்ணிக்கையும் தரக்குறைவும் சேர்ந்து பெயர் கெட்ட ஆலை. 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நும்மி என்ற பெயரில் அதைத் திறந்தபோது, எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள்தான். தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில், நிறுவனமே நிலைகுலையும் நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை, அப்படி வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளம்தான் குறையும் என்று எழுதிக்கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் விற்பனை சரிந்தது. அப்போதும் எவரையும் அனுப்பவில்லை. உபரி ஆட்களைப் பயிற்சியிலும் மேம்பாட்டு வேலையிலும் அமர்த்தினார்கள். கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தும் உரிமை அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் இருந்தது. வேலை போகும் என்று பயப்படுகிறவன் அந்தக் கயிற்றைத் தொடுவானா?

ஜப்பானியர்களுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்த டெமிங் நிர்வாகங்களுக்கு வகுத்த பதினான்கு கோட்பாடுகளில் எட்டாவது, பயத்தை விரட்டு என்பது. பத்தாவது, தொழிலாளரை நோக்கிய முழக்கங்களையும் இலக்குகளையும் ஒழி என்பது. உங்கள் நுழைவாயிலில் தொங்கும் பேனரையும் "ஆளுக்கு மாதம் இரண்டு" உத்தரவையும் நினைத்துப் பாருங்கள்.

வார்டுவிளக்கு எழுதியது:

நான் செவிலியர். ஆலை வேலை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் லேபிள் அக்கா திரும்புகிற திருப்பம் எங்கள் வார்டிலும் உண்டு.

எங்கள் மருந்துத் தள்ளுவண்டியில் ஐந்து இழுப்பறை. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பு டப்பா கடைசி இழுப்பறையில் இருந்தது. ஏன் அங்கே என்று ஒருவருக்கும் தெரியாது, நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான். காலையில் ஒரு சுற்றுப் போனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு முறை குனிய வேண்டும். ஒரு நாள் நானே அதை மேல் இழுப்பறைக்கு மாற்றினேன். அன்று குனியவே இல்லை. மறுநாள் காலை வந்தால் டப்பா கீழே இருக்கிறது. இரவு ஷிப்ட் "இடம் மாறிக் கிடக்கிறது" என்று எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டது. மறுபடி மேலே வைத்தேன், மறுபடி கீழே போனது. நாலைந்து நாள் இப்படியே நடந்தது. இரவில் அவசரத்தில் ஒருவர் கீழே தேடி, இல்லாமல் தடுமாறினார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டதும் எனக்கு நடுங்கிவிட்டது. என் வசதிக்கு நான் செய்த மாற்றம் ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடியிருக்கும்.

அதன் பிறகு ஷிப்ட் மாறும் நேரத்தில் இரண்டு தரப்பும் வண்டியைச் சுற்றி நின்று பேசினோம். எது எந்த இழுப்பறையில் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். இன்றுவரை டப்பா மேலேதான் இருக்கிறது. மாற்றத்தை எழுதி ஒட்டி, மூன்று ஷிப்டும் ஒப்புக்கொண்டால்தான் அது மாற்றம். இல்லையென்றால் ஒருவருக்கு வசதி, மற்றவருக்கு ஆபத்து.

எங்கள் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒரு வேலையைச் சொல்லாமல் போக மனமில்லை. இதயத்தை நோக்கிப் போகும் பெரிய ரத்த நாளத்தில் குழாய் செருகும்போது ஏற்படும் தொற்றைக் குறைக்க, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவர் ஐந்தே வரியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தார். கை கழுவு, முழுத் திரை விரித்து மூடு, தோலை மருந்தால் துடை, இயன்றவரை தொடைப் பகுதியைத் தவிர், தேவையற்ற குழாயை எடுத்துவிடு. இவற்றில் எதுவும் மருத்துவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தேவையான பொருட்களை எடுக்க எட்டு வெவ்வேறு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் வைத்தார்கள். ஒரு படி விட்டுப்போனால் மருத்துவரை நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதே முறை வந்தது. ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. பட்டியலைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த வண்டியும் அந்த அதிகாரமும்தான் கண்ணில் நிற்கின்றன.

கணக்குமேசை எழுதியது:

அலுவலக வேலைக்கு இது பொருந்துமா என்று கேட்க வந்தேன், வார்டுவிளக்கு சகோதரியின் பதிவைப் படித்ததும் கேள்வி மாறிவிட்டது. எங்களிடம் பில்கள் பிழையோடு வரும், திருப்பி அனுப்புவோம், திருத்தி வரும். எங்கள் தலைமை அலுவலர் "கவனமாக எழுதுங்கள்" என்று எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் அது குறையவில்லை. கவனம் என்பதை எப்படிக் கூட்டுவது?

உளிமுனை எழுதியது:

கவனத்தைக் கூட்ட முடியாது, கணக்குமேசை அவர்களே. பிழை நுழைய இடமில்லாமல் செய்யலாம். ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1961இல் ஒரு மின்பொருள் ஆலைக்குப் போனார். இரண்டு பொத்தான் உள்ள சிறு சுவிட்ச். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். அவ்வப்போது ஒன்று விட்டுப்போகும். "கவனம், கவனம்" என்று சொல்லிப் பார்த்தும் விட்டுப்போனது. ஷிங்கோ என்ன செய்தார்? வேலையைத் தொடங்குமுன் டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைக்கச் சொன்னார். பூட்டி முடித்ததும் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் விட்டுப்போனது அப்போதே தெரிந்துவிடும். தட்டு ஒன்றுதான் புதிது.

முதலில் இந்த முறைக்கு ஜப்பானிய மொழியில் முட்டாள்தனத்தைத் தடுப்பது என்ற பொருளில் பெயர் இருந்தது. 1963இல் ஓர் ஆலையில் அந்தப் பெயரைக் கேட்டு, நான் அவ்வளவு முட்டாளா என்று ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார். அதற்குப் பிறகு, தவறுதலைத் தடுப்பது என்று பொருள்படும் போக்கா-யோக்கே என்ற பெயரை ஷிங்கோ வைத்தார். நான் பயிற்சி கொடுத்த ஒவ்வொரு பையனுக்கும் தட்டின் கதையைச் சொல்வதற்கு முன் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மேசையில் ஒரு வாரம் கோடு போட்டுப் பாருங்கள். திரும்புகிற ஒவ்வொரு பில்லுக்கும் காரணத்தை எழுதி, அதற்கு நேராக ஒரு கோடு. ஒரே காரணத்துக்கு நேராகக் கோடுகள் குவிவதைப் பார்ப்பீர்கள்.

கணக்குமேசை எழுதியது:

ஐயா, ஐந்து நாள் கோடு போட்டேன். நீங்கள் சொன்னபடியே ஆனது. பாதிக்கு மேல் ஒரே காரணம், கொள்முதல் ஆணை எண் இல்லை. படிவத்தை எடுத்துப் பார்த்தால், அந்த எண்ணை எழுத அதில் கட்டமே கிடையாது! தெரிந்தவர்கள் ஓரத்தில் எழுதுகிறார்கள், தெரியாதவர்கள் விட்டுவிடுகிறார்கள். இத்தனை வருடம் அவர்களைக் கடிந்துகொண்டோம். முதல் வரியிலேயே கட்டம் போட்டுப் புதுப் படிவம் தயார் செய்திருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து அதுதான்.

அந்திஷிப்ட் எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

உளிமுனை ஐயா சொன்ன மறுநாளே ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். "அக்கா, எங்கே வைக்கலாம், காட்டுங்கள்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, முழங்கை மடங்குகிற தூரத்தில் மேசையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அங்கேயே மாட்டினோம். முதல் பெட்டிக்குப் பழக்கத்தில் அவர் இடப்பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த பெட்டிக்குத் திரும்பவில்லை. பக்கத்து மேசைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்து இல்லாமல் செய்ததற்கு மேலாளர் கேட்டார். நான்காம்வரிசை நண்பரின் பதிவை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு விஷயம் கேட்டேன். செலவில்லாத, பாதுகாப்பைத் தொடாத மாற்றத்தை ஷிப்டிலேயே முடிவு செய்ய அனுமதி. மிச்சமாகும் நேரத்தைக் காட்டி எங்கள் பிரிவில் ஒருவரைக்கூடக் குறைக்கமாட்டோம் என்று எழுத்தில் உறுதி. முதலாவதற்கு அன்றே சரி என்றார். இரண்டாவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு வருடத்துக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துத்தான், அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தாளை வாசித்துக் காட்டினேன். எவரும் கைதட்டவில்லை, ஆனால் பெயர் பெயராகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார்கள்.

பெட்டியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மேசைகளுக்கு நடுவில் ஒரு பலகை. ஷிப்ட் தொடங்கும்போது "நேற்று எது கையைத் தடுத்தது?" என்று மட்டும் கேட்கிறேன். யோசனை சொல்லுங்கள் என்று கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எது தடுத்தது என்று கேட்டால் சொல்கிறார்கள். சொன்னதை அவர்கள் முன்னாலேயே எழுதுகிறேன். மறுநாளுக்குள் செய்தோம், முடியாது, அல்லது இந்தத் தேதிக்குள் என்று ஏதாவது ஒரு பதில் எழுதிவிடுகிறேன். முடியாது என்றால் காரணமும் எழுதுகிறேன்.

இதுவரை பத்தொன்பது வரி. பதின்மூன்று முடிந்தது, நான்கு முடியாது, இரண்டு பாக்கி. எல்லாம் நல்லபடியாகவும் போகவில்லை. டேப் மெஷினை மேசை நடுவில் வைத்தோம், பெரிய பெட்டி வந்தால் இடித்தது, மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே கொண்டுபோனோம். அதையும் பலகையில் எழுதிவைத்தேன்.

நான்காம்வரிசை எழுதியது:

ஒரு வருடம் முடிந்ததும் என்ன ஆகும் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்காகச் சொல்லவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு தாள் கிடைத்திருந்தால் அந்த ஐந்தாவது ஆள் இன்றைக்கு எங்களோடு இருந்திருப்பார். உங்கள் தாளின் நகல் கிடைக்குமா? நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். எங்கள் சங்கக் கூட்டத்தில் வைக்க வேண்டும்.

வார்டுவிளக்கு எழுதியது:

லேபிள் ஸ்டாண்டை இரவு ஷிப்ட் என்ன செய்தது என்று சொல்லவே இல்லையே?

அந்திஷிப்ட் எழுதியது:

நான்காம்வரிசை நண்பரே, நகல் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். அடுத்த வருடத்துக்கான பேச்சை ஒன்பதாம் மாதமே தொடங்குவதாக மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

சகோதரி, நீங்கள் பயந்ததேதான் நடந்தது. இரண்டாம் நாளே கழற்றிப் பழைய இடத்தில் மாட்டிவிட்டார்கள். அந்த ஷிப்டில் லேபிள் ஒட்டுகிறவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். புது இடம் அவருக்கு எட்டவில்லை. அவரைக் கேட்காமல் செய்தது என் பிழை. இப்போது பராமரிப்புப் பிரிவில் இருந்த பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை மேசை விளிம்பில் பொருத்தி, ஸ்டாண்டு அதன்மேல் நகர்கிற மாதிரி செய்திருக்கிறோம். அக்காவின் இடத்துக்கு நீலக் கோடு, அவருடைய இடத்துக்குச் சிவப்புக் கோடு. ஷிப்ட் மாறும்போது ஒரு தள்ளு.

அந்தக் கோடுகளை அக்காதான் வரைந்தார். இன்று காலை பலகையில் இருபதாவது வரியும் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது: "பெட்டி வெட்டும் கத்தி மதியத்துக்குள் மழுங்கிவிடுகிறது." நாளைக்குள் பதில் எழுத வேண்டும். காலையில் கத்தியோடு நான் நிற்கப் போகிறேன். உளிமுனை ஐயா, கூர் தீட்டுவதைப் பற்றி உங்களிடம் கேட்கக் கேள்விகள் இருக்கின்றன.